ஓடையில் கேட்ட ‘ம்’

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. விளக்கைத் தூண்டி வையுங்கள். கதவைச் சும்மா சாத்தினால் போதும், தாழ் போட வேண்டாம். தாழுக்கு அடங்குகிற சமாச்சாரம் இல்லை நான் சொல்லப்போவது.

இது நடந்தது. நான் கதை கட்டுகிறவள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதில் ஒரு வரி கூட நான் கட்டியது இல்லை. முக்கால்வாசி, அடுத்த வீட்டுக் கமலவேணி தன் வாயால் எனக்குச் சொன்னது. மிச்சத்துக்கு நானே சாட்சி.

அந்தக் காலத்தில் செட்டிகுளத்தில் புருஷன் பேரைச் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்ட ஒரே பெண் அவள்தான். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்ல வைப்போம் நாங்கள். பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயம். இவள் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி, "இளையபெருமாளு" என்பாள். திமிர் பிடித்தவள் என்று சிரித்தோம். அவள் ஏன் அப்படிக் கூப்பிட்டாள் என்று தெரிந்த பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம். ஐப்பசி அடைமழை விட்டிருந்த நேரம். கமலவேணிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் கூட ஆகவில்லை, தலைத்தீபாவளி அப்போதுதான் முடிந்திருந்தது. பிறந்த ஊர் திருமழபாடி, கொள்ளிடக் கரை. ஆற்று மணலில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கத்திப் பேசியே வளர்ந்த பெண். வாக்கப்பட்டு வந்த வீடு அப்படியா? மாமியார் ரெங்கம்மாள், கொழுந்தனார் இரண்டு பேர், காய்கிற வெங்காயத்துக்கு நடுவில் ஓர் உள் அறை. பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த புருஷனோடு பகலில் முகம் பார்த்துப் பேச வழியில்லை. இருட்டிய பிறகு பேசினாலும் குசுகுசுப்புத்தான்.

இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கண்ணுகளா. அவள் கேட்டிருந்ததெல்லாம் அவனுடைய ரகசியக் குரல். அவன் எட்ட நின்று குரல் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் சனி, ஞாயிறு, சேர்ந்தாற்போல் லீவு. பச்சைமலையில் பாரஸ்ட் வாட்சராக இருந்த கொளஞ்சி, பட்டா விஷயமாக ஆபீசுக்கு வந்து வந்து இளையபெருமாளுக்குச் சிநேகமாகியிருந்தான். "பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வாங்க சார். ஓடையில மீன் புடிக்கக் கத்துத் தரேன்" என்றான்.

இளையபெருமாள் அம்மாவிடம் போய், "ஆபீஸ் சோலியா மலைக்குப் போறேம்மா, இவளும் வரட்டும்" என்றான்.

"ஆபீஸ் சோலிக்குப் பொண்டாட்டி எதுக்குடா? பேனாவுக்கு மை ஊத்தவா?" என்றாள் ரெங்கம்மாள். ஆனாலும் விட்டாள்.

லாடபுரம் வரைக்கும் பஸ். அப்புறம் நடை. வழியில்தான் அவள் முதல் தடவையாக அவனைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. "இது எப்புடி வந்துச்சு?" என்று கேட்டாள். "மூணு மாசம் கழிச்சுக் கேக்குற பாரு" என்று அவன் சிரித்தான்.

கொளஞ்சியின் பெண்டாட்டி பாப்பாத்திக்குக் கமலவேணி வயசுதான் இருக்கும். களியும் கீரையும் போட்டு, சாயங்காலம் நான்கு பேருமாக ஓடைக்குப் போனார்கள்.

"ஏரியில மீனு வர்ற வரைக்கும் நாம ஒக்காந்து கெடக்கணும். இங்க மீனு இருக்குற எடத்துக்கு நாம நடக்கணும்" என்றான் கொளஞ்சி. தண்ணீருக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலே, மடு மடுவாக ஏற வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. பாறையிலிருந்து தண்ணீர் விழுந்து நுரைத்துச் சுழலுகிற விளிம்பில் தூண்டிலைப் போட வேண்டும். மூங்கில் கழி, நரம்பு, மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்குச்சியில் மண்புழு. ஒரே மடுவில் இரண்டு பேர் போட்டால் சிக்கிக்கொள்ளும், ஆளுக்கொரு மடுவாகப் பிரிந்து ஏற வேண்டும்.

கமலவேணிக்கு முதலிலேயே ஒரு கெண்டை விழுந்தது. இளையபெருமாளுக்குப் புழு மட்டும் காணாமல் போயிற்று.

"சார் புழுவுக்குப் பட்டா போட்டுக் குடுக்குறாரு போல" என்றாள் பாப்பாத்தி. கமலவேணி வாய்விட்டுச் சிரித்தாள். வாக்கப்பட்டு வந்தபின் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்று மட்டும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மேல் மடுவில் நின்ற கொளஞ்சியைக் கூப்பிட வேண்டியிருந்தபோது, பாப்பாத்தி வாயைத் திறக்கவில்லை. இரண்டு கூழாங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். டக், டக். மேலேயிருந்து அதே மாதிரி பதில் வந்தது. டக், டக்.

"நீங்களும் தண்ணிகிட்ட வாயால கூப்புடாதீங்க. கல்லத் தட்டுங்க" என்றாள்.

"ஏன், மீன் ஓடிடுமா?" என்று கேட்டான் இளையபெருமாள்.

பாப்பாத்தி கொளஞ்சியைப் பார்த்தாள். கொளஞ்சி, "ஆமா சார், ஓடிடும்" என்றான். பாப்பாத்தி குனிந்து மீனைக் கொடியில் கோத்தாள்.

மறுநாள் ஞாயிறு. கொளஞ்சிக்கு வேலை இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஓடைக்குப் போனார்கள். மத்தியானம் இறங்கினால்தான் லாடபுரத்தில் பஸ் பிடிக்க முடியும்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? உச்சிப்பொழுதில் பெண்பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்பமாட்டார்களே, அது சும்மாவா?

உச்சிதான் அது. ஒரு மடுவில் பெரிய மீன் ஒன்று அவன் தூண்டிலை இழுத்துவிட்டுத் தப்பிவிட்டது. "இவன விடறதில்ல" என்று சட்டையைக் கழற்றினான். நீலக் கட்டம் போட்ட சட்டை. "நனைஞ்சிடும், வச்சிரு. நீ மேல போ, நான் வரேன்" என்று அவளிடம் கொடுத்தான். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் மடுவுக்கு ஏறினாள். பாறை மறைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் மலையுச்சியிலிருந்து மேகம் இறங்கியது. வெயில் அணைந்தது. எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. பஸ் ஞாபகம் வந்தது அவளுக்கு.

கல்லைத் தட்டியிருக்கலாம். கையெல்லாம் மீன் வழுவழுப்பு. எடுத்த கல் நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. மீன் ஓடினால் ஓடட்டும், கிளம்புகிற நேரம்தானே என்று நினைத்தாள். கொள்ளிடத்துப் பெண் அல்லவா. கையை வாயில் குவித்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க..."

"ம்."

பதில் மேலேயிருந்து வந்தது.

கீழ் மடுவில் இருந்த மனுஷன் எப்படி மேலே போனான்? காட்டுத்தடத்தில் சுற்றிக்கொண்டு முன்னால் போயிருப்பான் என்று நினைத்தாள். கழியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

"ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ம்."

மேகத்துக்குள் ஒரு முதுகு தெரிந்தது. தோளில் மூங்கில் கழி. பாறைக்குப் பாறை கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தது. வழுக்குப் பாறை. அவள் நான்கு காலில் தவழ்கிற மாதிரி ஏறினாள். அந்த ஆள் குனிந்து பார்க்காமலே நடந்தான்.

"ஏங்க, நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

"ம்."

நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஓடை அந்த இடத்தில் ஓவென்று இரைந்தது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவே கத்த வேண்டும். அந்த இரைச்சலில், வாயைத் திறக்காமல் சொல்லுகிற ஒரு ‘ம்’ எப்படிக் கேட்கும்?

கேட்டதே. காதோரத்தில் சொன்ன மாதிரி... மூன்று தடவையும்.

உற்றுப் பார்த்தாள். முன்னால் போகிற முதுகில் சட்டை இருந்தது.

நீலக் கட்டம் போட்ட சட்டை.

தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அவன் சட்டை அங்கேயே இருந்தது. அவன் வியர்வை வாசனையோடு இருந்தது.

சத்தம் காட்டாமல் குனிந்தாள். இரண்டு கல்லைப் பொறுக்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

டக், டக்.

காத்திருந்தாள்.

வெகு கீழேயிருந்து... டக், டக்.

அவன் கீழேதான் இருக்கிறான்.

முன்னால் போன கால்கள் நின்றன.

"ம்?"

இந்தத் தடவை அது கேள்வி.

தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது...

அவள் பார்க்கவில்லை. ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். கழி போயிற்று, மீன் போயிற்று. சட்டையை மட்டும் விடவில்லை.

இளையபெருமாள் பாதி வழியில் எதிரே வந்தான். வெற்று உடம்பு, ஈர வேட்டி, இடது புருவத்தில் தழும்பு. அவள் முதலில் தழும்பைத்தான் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"என்னா வேணி? கல்லுச் சத்தம் கேட்டுத்தான் வரேன்."

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"எப்பக் கூப்பிட்ட? கேட்டிருந்தா ‘ஆங்’னு குரல் குடுத்திருப்பேன்ல."

"நீங்க ‘ம்’னு சொல்ல மாட்டீங்களா?"

"நான் என்னைக்கு ‘ம்’னு சொன்னேன்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். பாப்பாத்தி வீட்டில் இல்லை, சுள்ளிக்குப் போயிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு நிற்காமல் நடந்தார்கள். பஸ்ஸில்தான் அவனிடம் எல்லாம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. "மேகம் பண்ணுன வேல" என்றான்.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரம். சோற்றை வடித்துவிட்டு அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

வாசலிலிருந்து, "ஆங், வரேன்."

அதற்குப் பின்னாலேயே, கொல்லைக் கிணற்றடியிலிருந்து...

"ம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். "கொல்லையில யாருடி?"

இளையபெருமாள் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். ஒருவரும் இல்லை. அன்று சாயங்காலம் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. துவைக்கிற கல் மட்டும் நனைந்திருந்தது. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, மேகம் என்ற பேச்சும் இல்லை.

மறுபடி ஒரு நாள் வாய் தவறிக் கூப்பிட்டாள். அன்றைக்கு ‘ம்’ கிணற்றடியில் இல்லை. மாட்டுக்கொட்டகையில் கேட்டது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அடுத்த தடவை கொல்லை வாசற்படியில்.

ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓர் எட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது அது. அவள் கூப்பிடுவதையே விட்டாள். புருஷனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுந்து போய்த் தோளைத் தொட்டாள். "ஊமையாயிட்டாளா இவ" என்றாள் மாமியார்.

கார்த்திகையில் கொளஞ்சியும் பாப்பாத்தியும் தாலுகா ஆபீசுக்கு வந்தார்கள். இளையபெருமாள் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்து இலை போட்டான். கமலவேணி பேசாமல் பரிமாறுவதைப் பாப்பாத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள்.

"கூப்புட்டீங்களா?"

கமலவேணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"மீன் ஓடிடும்னு சொன்னது நாந்தாம்மா" என்றான் கொளஞ்சி, இலையைப் பார்த்துக்கொண்டே. "உள்ளதச் சொன்னா ஆபீஸ்காரங்க சிரிப்பீங்கன்னு..."

பாப்பாத்திதான் சொன்னாள். "எங்க மாமியா சின்னப்புள்ளையா இருந்தப்ப நடந்துச்சாம். கீழேருந்து புதுசாக் கட்டிக்கிட்ட ஜோடி ஒண்ணு வந்துச்சு. திடீர்னு வெள்ளம். ஆம்பளய இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அவ கரையில நின்னு ஏங்க, ஏங்கன்னு கூப்புட்டா. மேலேருந்து ம், ம்னு பதிலு வந்துச்சாம். ஊரே கேட்டுருக்கு. உசுரோட இருக்கான்னு பொழுது சாயிற வரைக்கும் மேல தேடுனாங்க."

"கெடச்சாரா?" கமலவேணிதான் கேட்டாள்.

"கெடச்சான். கீழ, பள்ளத்துல. விழுந்த ஒடனே மண்ட ஒடஞ்சு செத்துருக்கான். அந்தப் பொணம் கீழ கெடக்கையிலதான் மேலேருந்து பதிலு வந்துக்கிட்டு இருந்துச்சு."

யாரும் சாப்பிடவில்லை.

"அப்ப அது அவரோட ஆவி இல்லியா?"

"அவனுக்கு முன்னாடியும் கேட்டுருக்காம். அது என்னான்னு எங்களுக்கும் தெரியாதுங்க. பொண்டாட்டி கூப்புடுற கூப்பாட்டுக்குப் பதிலு சொல்லும். கூப்பிட்டவ பின்னாடியே வரும். அவ்வளவுதான் தெரியும். அதுக்கு யாரு பேரும் தெரியாது. பேரச் சொல்லிக் கூப்புட்டா, பேருக்கு உரியவன் மட்டுந்தான் வருவான்."

அன்று ராத்திரி கமலவேணி அழுதாள். "பேரச் சொன்னா உங்க ஆயுசு கொறயும்னு சொல்றாங்களே."

இளையபெருமாள் சொன்னான், "கொறஞ்சாக் கொறயட்டும். கூப்பிட்டா வர்றது நானா இருக்கணும்ல."

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து முதல் தடவையாகக் கூப்பிட்டாள். "இளையபெருமாளு." ரெங்கம்மாள் கையிலிருந்த வெண்கலச் செம்பு கீழே விழுந்து உருண்டது. வாசலிலிருந்து "ஆங்" என்று ஒரே ஒரு பதில் வந்தது. கொல்லையில் சத்தமே இல்லை.

அன்று தொடங்கியது ஊர்ச் சிரிப்பு. மாமியாரின் வசவோ ஓயவே இல்லை. கமலவேணி இரண்டையும் சுமந்தாள். ஒவ்வொரு தடவை பேரைச் சொல்லும்போதும் அவன் ஆயுசில் ஒரு நாளைக் கிள்ளுகிறோமோ என்றுதான் தோன்றும் என்று பிற்பாடு சொன்னாள். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் படியில் நிற்கிறது உள்ளே வந்துவிடும். ஒன்பது வருஷம் இப்படிக் கழிந்தது.

எண்பத்தெட்டில் இளையபெருமாளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம். திருச்சி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். நிற்கவில்லை. சாகிற வயசா அது.

இனிமேல் சொல்லுவது நான் பார்த்தது.

கூடத்தில் கிடத்தியிருந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தாடையைத் தூக்கி வெள்ளைத் துணியால் வாய்க்கட்டுக் கட்டியிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ரெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "பேரச் சொல்லிச் சொல்லியே எம் புள்ள ஆயுசத் தின்னுட்டியேடி" என்றாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

காலையிலிருந்து வாயே திறக்கவில்லை கமலவேணி.

பட்டப்பகல். பறைச் சத்தம் நின்றது. தூக்குகிறதற்கு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அப்போதுதான் அவள் உடைந்தாள். பாய்ந்து அவன் மேல் விழுந்தாள். வாயைத் திறந்தாள். அவன் பேர்தான் நாக்கு வரைக்கும் வந்தது. மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

பேரை விழுங்கிக்கொண்டாள்.

"ஏங்க..." என்று கதறினாள்.

கூடம் அமைதியாக இருந்தது.

"ம்."

கேட்டது... எல்லாருக்கும் கேட்டது. தூக்க வந்தவர்களில் ஒருவர் கையை விட்டுவிட்டுப் பின்னால் போனார். "உசுரு இருக்கு" என்று யாரோ கத்தினார்கள். கம்பவுண்டரைக் கூட்டி வந்து நாடி பார்த்தோம். கண்ணாடியை மூக்கருகே பிடித்தோம். ஒன்றும் இல்லை. உடம்பு விறைத்துப் பாதி நாள் ஆகியிருந்தது.

நான் தலைமாட்டில் இருந்தவள். அந்தச் சத்தம் கொல்லையிலிருந்து வரவில்லை, வாசற்படியிலிருந்தும் வரவில்லை. என் கைக்குக் கீழே, அந்த வாய்க்கட்டுக்கு உள்ளேயிருந்து வந்தது. கட்டு அவிழவில்லை. ‘ம்’ என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லையே, கண்ணுகளா.

பதினாறு கழிந்து, ஒரு நாள் மத்தியானம், கமலவேணி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். ஓடையில் நடந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்குச் சொன்னது இவரு இல்ல. இவரு ‘ஆங்’னுல்ல சொல்லுவாரு."

"தெரியும்டி."

"நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா... இவரே ஒரு தடவ பதில் சொல்லியிருப்பாரோ?"

அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

அவனைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தோம். அதோடு அதுவும் போயிற்று என்றுதான் நினைத்தோம். அந்தத் தை மாதம், எதிர்வீட்டுக்குப் புதிதாக வாழவந்த பெண் புஷ்பவல்லி, விளக்கு வைக்கிற நேரத்தில் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் பாடாலூருக்குப் போயிருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் வீட்டு உள் அறையிலிருந்து பதில் வந்தது.

எங்கள் தெருவில் இப்போது எல்லாப் பெண்களும் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நானும்தான்.

நேரமாயிற்று, போய் வாருங்கள் என் தங்கங்களே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உலையில் அரிசி குறையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் பொழுதோடு வீடு வந்து சேரட்டும். நீங்கள் ஒருவரைக் கூப்பிட்டால், அவரே வந்து பதில் சொல்லட்டும். அவர் மட்டும் சொல்லட்டும்.